தவணை முடியும் பத்தாண்டு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வருவதை முன்னரே அறிய விழையும் மனித மனத்தைச் சங்க இலக்கியம் பல இடங்களில் காட்டுகின்றது. அவற்றுள் முல்லைப்பாட்டில் இடம்பெறும் காட்சி தனிச்சிறப்பு உடையது. தலைவன் போர்மேற் சென்றுள்ளான். தலைவி வருந்தியிருக்கின்றாள். பெருமுதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, எவரேனும் கூறும் சொல் செவியில் விழாதா எனக் காத்து நிற்கின்றனர். தாயைக் காணாது தவிக்கும் கன்றை நோக்கி ஆய்மகள் ஒருத்தி, உன் தாய்மார் விரைவில் வந்துவிடுவர் என்னும் பொருள்படத் தேற்றுகின்றாள். அதனையே நற்சொல்லாகக் கொண்டு, தலைவன் வருவான் எனத் தலைவியிடம் வந்து உரைக்கின்றனர் முதுபெண்டிர். இதனை விரிச்சி என்பர். ஆய்மகள் கூறியது கன்றுக்கு. முதுபெண்டிர் அதனைத் தலைவிக்கு உரியதாக்கிக்கொண்டனர். வரும் பத்தாண்டில் சமுதாயமும் அரசியலும் அறிவியலும் எவ்வாறு அமையும் என இன்று வெளிவரும் முன்னுரைகளில் பெரும்பாலானவை இவ்விரிச்சியைச் சார்ந்தவையே எனலாம். கேட்க விரும்புவது எதுவோ அதுவே காதில் விழுகின்றது.

அறிஞர் பெருமக்களும் இதற்கு விலக்கல்லர். அமெரிக்கப் பேரறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1965இல், இன்னும் 20 ஆண்டுகளுக்குள் மனிதன் செய்யத்தக்க எப்பணியையும் இயந்திரம் செய்துவிடும் என எழுதினார். 1985 வந்தது, போயிற்று. பால் எர்லிக் 1968இல் வெளியிட்ட நூலில், மக்கட்பெருக்கத்தால் 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்றார். அவர் அஞ்சிய அளவில் அப்பேரழிவு நிகழவில்லை. இந்தியாவிலோ புதிய கோதுமை, நெல் வகைகள் வயலுக்கு வந்து விளைச்சல் பெருகிற்று. ஜெஃப்ரி ஹிண்டன் 2016இல், எக்ஸ்ரே முதலிய படங்களைப் பார்த்து நோயறியும் பணியை ஐந்தாண்டுகளில் இயந்திரம் மேற்கொண்டுவிடும். ஆதலின் அத்துறைக்குப் புதிய மருத்துவர்களைப் பயிற்றுவதை நிறுத்திவிடலாம் என்றார். ஐந்தாண்டு கடந்த பின்னரும் அம்மருத்துவர்களின் தேவை குறையவில்லை. இவர்கள் அறிவிற் சிறியர் அல்லர்; சைமன் 1978இலும் ஹிண்டன் 2024இலும் நோபல் பரிசு பெற்றோர். வல்லுநர் தம் துறையின் விரைவை அறிவார். அத்துறைக்கு வெளியே உள்ள உலகின் நிதானத்தை அறியார்.

இவ்வகை முன்னுரைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, வேறொரு வகையை நோக்குதல் தகும். அது சட்டத்துள் எழுதி வைக்கப்பட்ட முன்னுரை. 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு மூன்று கெடுக்களைக் குறித்தது. பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரையிலான அனைத்துக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயலவேண்டும் என்றது ஒன்று. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளில் அளிக்கப்பட்ட ஒதுக்கீடு பத்தாண்டுகளுக்குரியது என்றது மற்றொன்று. பதினைந்து ஆண்டுகள் வரை ஆங்கிலம் நடுவணரசின் அலுவல்களில் தொடரும். அதன்பின் இந்தியே அவ்விடத்தைப் பெறும் என்றது மூன்றாவது.

மூன்றும் குறித்த காலத்தில் நிறைவேறவில்லை. 1960இல் முடிந்திருக்கவேண்டிய கல்விக் கடமை 2009இல்தான் சட்டவடிவம் பெற்று, 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கீட்டின் கெடு பத்தாண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு வருகின்றது. இந்தியின் கெடு முடிந்த 1965 சனவரியில் தமிழகம் எவ்வாறு கொந்தளித்தது என்பதை இவ்வவைக்கு எடுத்துரைக்கத் தேவையில்லை. 1963இல் இயற்றப்பெற்று 1967இல் திருத்தப்பெற்ற ஆட்சிமொழிச் சட்டத்தின்படி ஆங்கிலமும் தொடர்கின்றது. கெடு குறித்தோர் அறியாமையால் குறித்தனர் எனல் பொருந்தாது. அன்றைய அவையில் உடன்பாடு காண இயலாத ஒன்றை, காலம் தீர்த்துவைக்கும் என நம்பி அவர்கள் தள்ளிவைத்தனர். கடன்பட்டவன் தவணை கேட்பது போன்றது இது.

வரும் பத்தாண்டின் தனித்தன்மை ஈண்டுத்தான் உள்ளது. வெவ்வேறு காலங்களில் பெறப்பட்ட தவணைகள் பல, அடுத்தடுத்து முடிவுக்கு வருகின்றன.

அவற்றுள் தலையாயது தொகுதி மறுவரையறை. மக்கள்தொகை பெருகிய மாநிலங்களுக்குத் தொகுதிகளும் பெருகுமாயின், குடும்பநலத் திட்டத்தை ஏற்று நடத்திய மாநிலங்கள் தண்டனை பெற்றவை ஆகும். இவ்வச்சம் வெற்றச்சம் அன்று. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்திற்கு இருந்த மக்களவைத் தொகுதிகள் 41. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டிய மறுவரையறைக்குப்பின், 1967 தேர்தலில் அவை 39 ஆயின. இவ்விரு இடங்களின் இழப்பைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் எடுத்துக்காட்டி, அதற்கு ஈடாக மாநிலத்திற்கு இழப்பீடு ஏன் வழங்கலாகாது என வினவியது. 1976இல் 42ஆம் திருத்தம், 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே மாநிலங்களுக்குரிய இடங்கள் 2000 வரை நிலைத்திருக்கும் என்றது. அத்தவணை முடிந்தபோது, 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பின் எடுக்கப்பெறும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அதற்குள் எல்லா மாநிலங்களின் பிறப்பு வீதமும் ஏறத்தாழச் சமமாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. அது பாதி பலித்தது. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் இந்தியா முழுமைக்கும் 2.0, தமிழ்நாட்டில் 1.4, பீகாரில் 3.0. எங்கும் குறைந்தது, இடைவெளி மறையவில்லை.

தமிழ்நாட்டின் இவ்வீழ்ச்சி ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1951 கணக்கெடுப்பின் ஆணையராக விளங்கிய ஆர். ஏ. கோபாலசாமி, பின்னர்ச் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானபோது, கருத்தடை அறுவையை ஊக்கத்தொகையுடன் முன்னெடுத்தார். அதனினும் மிகுதியாகப் பயன் விளைத்தவை பள்ளியும் பகலுணவும் ஆரம்பச் சுகாதார நிலையமும் எனல் தகும். படித்த பெண் மணத்தைத் தள்ளிப்போட்டாள். பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற உறுதி ஏற்பட்டபோது அடுத்ததை வேண்டாள் ஆயினாள். அரசின் சுவர் விளம்பரம் இரு குழந்தைகளைக் கேட்டது. அவள் ஒன்றோடு நின்றாள். இம்முடிவை எடுத்த பெண்களில் எவரும் மக்களவை இடங்களை எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

எனினும் மறுதரப்பின் முறையீட்டையும் கேட்டல் நேர்மையாகும். 2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, தொகுதிகள் 39. இராசத்தானின் மக்கள்தொகை 6.85 கோடி, தொகுதிகள் 25. தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பதினெட்டரை இலட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர் எனின், இராசத்தானில் இருபத்தேழு இலட்சம் மக்களுக்கு ஓர் உறுப்பினர். ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு வாக்குக்கு ஒரே மதிப்பு என்னும் மக்களாட்சிக் கோட்பாட்டை அங்குள்ள ஏழை உழவன் எடுத்துக்காட்டினால், அவன் கூற்றைப் பொய்யெனத் தள்ளவியலாது. அறம் இருபுறமும் நிற்கும் வழக்கு இது.

2023 மே திங்களில் திறக்கப்பெற்ற புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் மக்களவைக்கு 888 இருக்கைகள் அமைக்கப்பட்டன. அன்றைய உறுப்பினர் எண்ணிக்கை 543. அறிக்கைகள் பேசாததைக் கட்டடங்கள் பேசும். எந்த மாநிலத்தின் இடமும் குறையாமல் அவையின் அளவு பெரிதாக்கப்படும் என்பது இதனால் உய்த்துணரத்தக்கது. அப்போது தமிழ்நாட்டின் எண் குறையாது, பங்கு குறையலாம். 543இல் 39 என்பது ஏழு விழுக்காட்டுக்குச் சற்று மேல். 2011இன் மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கோ ஆறு விழுக்காடு. எண் கூடியதைக் காட்டி ஒரு தரப்பு மகிழ, பங்கு குறைந்ததைக் காட்டி மறுதரப்பு வருந்தும். 2025 மார்ச்சு 22இல் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அழைப்பில் சென்னையில் கூடிய கூட்டத்தில் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்களும் கலந்துகொண்டனர். 1971 கணக்கின் அடிப்படை மேலும் 25 ஆண்டுகள் தொடர வேண்டும் என்பது அங்கு எடுக்கப்பெற்ற தீர்மானம். கோரிக்கையின் நியாயம் ஒருபுறம் இருக்க, அதுவும் ஒரு தவணையே என்பது கருதத்தக்கது. மக்கள்தொகைக்கு ஏற்ற மக்களவை ஒன்றும், மாநிலங்களுக்குச் சமநிலை தரும் வலுவான மாநிலங்களவை ஒன்றும் வேண்டும் என்னும் பேச்சு இப்பத்தாண்டிலேனும் தொடங்காவிடில், 2050ஐ ஒட்டிப் பேரர்கள் இதே வழக்கை மீண்டும் நடத்துவர்.

இக்கணக்கெடுப்பின் வாலில் கட்டப்பட்ட மற்றொரு தவணையும் உண்டு. சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு அளிக்கும் மசோதா முதன்முதல் 1996இல் கொண்டுவரப்பெற்றது. நிறைவேறியது 2023 செப்டம்பரில். மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. எதிர்ப்பார் இல்லாத ஒன்றுக்கு 27 ஆண்டுகள் தேவைப்பட்டது எதனால் என்பது சிந்தனைக்குரியது. நிறைவேறிய சட்டமும், அடுத்த கணக்கெடுப்பும் அதனைத் தொடரும் மறுவரையறையும் முடிந்த பின்னரே ஒதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்னும் நிபந்தனையோடுதான் நிறைவேறியது. 1881 முதல் பத்தாண்டுதோறும் நிகழ்ந்துவந்த கணக்கெடுப்போ 2021இல் பெருந்தொற்றால் தடைப்பட்டது. 2027 மார்ச்சு 1ஐக் கணக்கீட்டு நாளாகக் கொள்ளும் அறிவிப்பு 2025 சூனில்தான் வெளிவந்தது. பெண்ணுக்கு உரியது எப்போதும் வேறொன்று முடிந்த பின்னரே என்னும் வீட்டு வழக்கம் நாடாளுமன்றத்திலும் நிலவுகின்றது. ஊராட்சிகளில் 1996இல் மகளிர் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் அமர்ந்தபோது, கணவன்மாரே ஆள்வர் எனப் பலர் முன்னுரைத்தனர். பல ஊர்களில் அது மெய்யாயிற்று. கணவனை வாயிலில் நிறுத்திவிட்டுக் கோப்பைத் தாமே படித்த தலைவியரும் உருவாயினர். அவ்வாறு உருவாக இரண்டு மூன்று தேர்தல்கள் வேண்டியிருந்தன. சட்டமன்றங்களிலும் இதுவே நிகழும் எனத் துணிந்து கூறலாம். முதல் தேர்தலைக் கண்டு கைகொட்டிச் சிரிப்போர் மூன்றாம் தேர்தல் வரை பொறுத்திருத்தல் நலம்.

2030இல் முடிவது பட்டியல் சாதியினர், பழங்குடியினர்க்கான தொகுதி ஒதுக்கீட்டின் தவணை. நாடாளுமன்றம் அதனை மீண்டும் நீட்டிக்கும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. பத்தாண்டில் ஒழியும் எனக் கருதப்பட்டது எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒழியவில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததை நினைவிற்கொண்டால் இதற்கு மேல் சான்று வேண்டா.

இனி வீட்டினுள் நுழைவோம். 2035இல் அறுபது வயது எய்துவோர் அனைவரும் 1975இல் பிறந்துவிட்டவர்கள். எனவே முன்னுரைகளுள் பிழைபடுதற்கு வாய்ப்புக் குறைந்தது முதுமை பற்றியதே. அறுபது வயது கடந்தோர் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 2011இல் பத்து விழுக்காட்டளவினர்; 2031இல் 18.2 விழுக்காட்டினர் ஆவர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. கேரளம் ஒன்றே இதில் தமிழ்நாட்டிற்கு முன்நிற்கும் பெருமாநிலம். ஒரே மகனும் ஒரே மகளும் மணந்துகொண்டால், இருவர்க்குப் பொறுப்பாக முதியோர் நால்வர். முதியோரைப் பேணுதல் தமிழ்க் குடும்பத்தின் பண்பு என மேடைகளில் முழங்குகின்றோர், அப்பண்பைக் கைகளால் செய்தவள் யார் என்பதைக் கூறுவதில்லை. மருமகளும் மகளும் செய்தனர். இன்று அவர்கள் வேலைக்குச் செல்கின்றனர், செல்லவும் வேண்டும். ஆதலின் பேணும் பணி கூலிக்குரிய பணியாகும். அக்கூலிக்கு வருவோர் தமிழ்நாட்டின் இளைஞராக மட்டும் இரார். ஒடிசா, சார்க்கண்டு, பீகார், அசாம் ஆகிய நிலங்களிலிருந்தும் வருவர். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டடப் பணியிலும் நேர்ந்தது நோயாளியின் கட்டிலருகிலும் நேரும்.

இவ்விடத்தில்தான் இயந்திரம் பற்றிய பேச்சு பொருளுடையதாகின்றது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், செயற்கை நுண்ணறிவு வேலைகளை விழுங்கும் என்றும் நோய்களை ஒழிக்கும் என்றும் இருவகை விரிச்சிகள் கேட்கின்றன. தமிழுக்கு அதனால் நேரும் உண்மையான வினா சிறியது; ஆனால் கூரியது. அறுபதாண்டுகளாகத் தமிழன்றி வேறொன்று அறியாத மூதாட்டி ஒருத்தி, ஒடியா பேசும் பணிப்பெண்ணிடம், மேலுக்குச் சரியில்லை என்கின்றாள். இடையே கைப்பேசி மொழிபெயர்க்கின்றது. உடல் நலமில்லை என்பது அவள் கருத்து. அச்சுத் தமிழை மட்டுமே கற்ற இயந்திரம், மேல்தளத்தில் ஏதோ பழுது எனக் கொள்ளக்கூடும். கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்கின்றாள். தலைசுற்றல் என்பதை அது அறியுமா? நெஞ்சு கரிக்கிறது என்றால், அது செரியாமையா, மாரடைப்பின் முன்னறிகுறியா என்பதில் உயிர் இருக்கின்றது.

இவ்வியந்திரங்கள் இலக்கணம் கற்று மொழி பேசுவன அல்ல. மலைமலையாகக் குவிந்த எழுத்தையும் ஒலிப்பதிவையும் கண்டு, எச்சொல்லின் பின் எச்சொல் வரும் எனக் கணித்துப் பேசுகின்றன. ஆங்கிலத்திற்குக் குவிந்துள்ள அளவு தமிழுக்கு இல்லை. இருப்பதிலும் செய்தித்தாள் நடையும் அறிக்கை நடையும் மிகுதி. தமிழோ எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் விலகிநிற்கும் மொழி. பேச்சை எழுதுதல் இழிவு எனப் புலமை உலகம் நெடுங்காலம் கருதியது. அக்கருத்தின் விலையை இப்போது செலுத்தவேண்டியுள்ளது.

மின்னுலகில் தமிழர் சோம்பியிருந்தனர் எனலாகாது. 1998இல் மதுரைத் திட்டம் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்று, பழந்தமிழ் நூல்கள் தட்டச்சு செய்யப்பெற்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கிற்று. ஆயினும் படமாக எடுத்து வைக்கப்பட்ட நூற்பக்கம், இயந்திரம் பயிலத்தக்க எழுத்தாக மாற்றப்பட்டாலன்றி அதற்குப் பயன்படாது. பேச்சு மொழியைப் பொறுத்தவரை அதனைப் பதிந்து வைத்தோர் பெரும்பாலும் இலக்கியப் படைப்பாளரே. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்திற்குச் சொல்லகராதி தொகுத்தார். 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்திற்குத் தொகுத்தார். அவை வெளிவந்த காலத்தில், கதை படிப்போர்க்கு உதவும் துணைநூல்கள் எனவே பலரால் எண்ணப்பட்டன. மருத்துவமனைக்கும் அவை தேவைப்படலாம் என அன்று எவரும் முன்னுரைத்திலர். தஞ்சையும் நடுநாடும் தொண்டை மண்டலமும் தத்தம் மூதாட்டியரின் நோய்ச்சொற்களை இன்னும் முழுமையாகத் தொகுத்து முடிக்கவில்லை. அச்சொற்களை அறிந்தோர் எழுபதும் எண்பதும் கடந்தோர். இத்தவணைக்கு நீட்டிப்புக் கிடையாது.

எழுத்தாளர்க்கு இயந்திரத்தால் வேலை போகுமா என்பது இத்தகைய மன்றங்களில் ஆவலோடு கேட்கப்படும் வினா. பாராட்டுரை, வாழ்த்துமடல், நடந்தவற்றை நிரல்படக் கூறும் அறிக்கை ஆகியவற்றை இயந்திரம் எழுதிவிடும், இப்போதே எழுதுகின்றது. அவற்றுள் பலவற்றைப் படிக்குங்கால் முன்பும் இயந்திரமே எழுதியதோ என்னும் ஐயம் எழாமலில்லை.

இறுதியாக ஒரு குழந்தையைக் குறித்துச் சில சொற்கள். திருப்பூரில் பனியன் ஆலை ஒன்றில் பணிபுரிய வடபுலத்திலிருந்து வந்த பெற்றோரின் மகள், 2025 சூனில் அரசுப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்தாள் எனக் கொள்வோம். அத்தகைய குழந்தைகள் அந்நகரப் பள்ளிகளில் பலர் உள்ளனர். 2027இல் கணக்கெடுப்பாளர் வீட்டிற்கு வந்து தாய்மொழி யாது எனக் கேட்கும்போது, இந்தி என்றோ போச்புரி என்றோ தந்தை கூறுவார். அவள் அருகில் நின்று, அண்டை வீட்டுக் குழந்தையிடம் கொங்குத் தமிழில் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பாள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டப்படி, பத்தாம் வகுப்பு வரை தமிழ் அவளுக்கும் கட்டாயப் பாடம். பள்ளியை இடையில் விடாமலும், பெற்றோர் ஊர் மாறாமலும் இருந்தால், 2035இல் பொதுத்தேர்வின் தமிழ்த்தாளை அவள் எழுதுவாள். அத்தாளில் கட்டுரை வினாவும் இருக்கும். இன்று இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவியருள் ஒருவர், அப்போது தமிழாசிரியராகி அவ்விடைத்தாளைத் திருத்தக்கூடும். தன் ஊர் என்னும் சொல்லுக்கு அவள் எவ்வூரை எழுதியிருக்கின்றாள் என்பதை அவரே முதலில் படிப்பார்.